ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நிலக்கரி? கணக்கு பிசகும் இடங்கள்

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி வெப்பத்துக்குச் சமம். ஒரு யூனிட்டுக்கு எரித்த வெப்பத்தால் 860-ஐ வகுத்தால் அனல் மின் நிலையத்தின் செயல்திறன் கிடைத்துவிடும். வகுப்பதில் யாரும் தவறுவதில்லை. எந்த எண்ணை எடுத்து வகுக்கிறோம் என்பதில்தான் தவறுகிறோம்.

210 மெகாவாட் மின் உற்பத்தி இயந்திரம் ஒன்று ஒரு நாள் முழுச் சுமையில் ஓடினால் 50.4 லட்சம் யூனிட். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் நிலக்கரி 3,500 டன் எரிந்ததாக வைத்துக்கொள்வோம். செயல்திறன் 35.4 சதவீதம் வரும். ஆனால் இந்த யூனிட்டுகள் ஜெனரேட்டர் முனையில் அளந்தவை. நிலக்கரியை அரைக்கும் மில், கொதிகலனுக்கு நீரேற்றும் பம்ப், ராட்சத விசிறிகள் எல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அது 8.5 சதவீதம் என்றால் வெளியே போவது 46.1 லட்சம் யூனிட்தான், செயல்திறனும் 32.4 ஆகிவிடும். ஒரு நிலையத்துக்கு முதல் கணக்கையும் இன்னொன்றுக்கு இரண்டாவதையும் வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

ஈரம் இதைவிடப் பொல்லாதது. ஆய்வகத்தில் காற்றில் உலர்த்திய மாதிரி, 6 சதவீத ஈரத்தில், 4,000 கிலோகலோரி காட்டுகிறது. மழையில் நனைந்து வந்த அதே நிலக்கரியில் ஈரம் 14 சதவீதம். அப்படியானால் 4,000-ஐ 94-ஆல் வகுத்து 86-ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 3,660. இதைச் செய்யாமல் நனைந்த எடையை 4,000-ஆல் பெருக்கினால், எரியாத வெப்பமெல்லாம் எரிந்ததாகக் கணக்கில் ஏறும். நன்றாக ஓடும் கொதிகலன் மீது வீண்பழி விழும். எடையும் கலோரியும் ஒரே ஈரநிலையில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

வெளிநாட்டு எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. இந்தியாவில், புகையிலுள்ள நீராவியோடு போகும் வெப்பத்தையும் சேர்த்த மொத்தக் கலோரி மதிப்பு வழக்கம். ஐரோப்பாவில் அதைக் கழித்த நிகர மதிப்பு. அங்கே 60 சதவீதம் என்று சொல்லப்படும் எரிவாயு நிலையம், நம் கணக்கில் ஏறக்குறைய 54. ஈரம் பாதியளவு உள்ள நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும் இந்த வேறுபாடு பெரிது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டரிலும் இதே கதைதான். பலகையில் 125 கேவிஏ என்றிருப்பதை 125 கிலோவாட் என்று எடுத்து, ஓடிய மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். கேவிஏ என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவு; அதில் உண்மையில் வேலை செய்யும் பங்குதான் திறன் காரணி. 0.8 திறன் காரணியில் அது 100 கிலோவாட்தான். லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் மட்டும் ஓடும் இரவில் அதில் கால்வாசிகூட வராது. அந்தக் குறைந்த சுமையில் லிட்டருக்குக் கிடைக்கும் யூனிட்டும் குறையும். பலகையை விட்டுவிட்டு யூனிட் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள்.