ஹிட் பாயிண்ட் கொடுத்தால் தெய்வம் ஆகிவிடுமா? ஆர்பிஜி ஆட்டத்தில் பழந்தெய்வங்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) ஆட்டங்களில் பழைய மதங்களின் தெய்வங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. இவற்றில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-ல். இரண்டே வருஷத்தில் தெய்வங்களுக்கென்று தனிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். 1980-ல் வந்த பெரிய தொகுப்பில் கிரேக்கம், எகிப்து, பாபிலோன் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களும் இருக்கிறார்கள். நம் முருகனும் கார்த்திகேயன் என்ற பெயரில் இருக்கிறார்.

அந்தப் பக்கத்தை முதல்முறை பார்த்தபோது மனசு ஏனோ ஒட்டவில்லை. எவ்வளவு அடி தாங்குவார் என்று சொல்லும் ஹிட் பாயிண்ட் மாதிரி எண்கள் இருந்தன, காவடி இல்லை, மொட்டை இல்லை, நேர்ந்துகொள்வது இல்லை. கும்பிடுகிற ஆளே இல்லாத முருகன். அப்புறம்தான் உறைத்தது, பாபிலோன் தெய்வங்களை வைத்து நான் நடத்திக்கொண்டிருந்த ஆட்டத்திலும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். கதையை நடத்துகிற கேம் மாஸ்டராக உட்காருகிற பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். எனக்கு ஓரளவு பழக்கமான பாபிலோனை வைத்தே சொல்கிறேன்.

தியாமத்திலிருந்து தொடங்கலாம். 1977-லிருந்து அவள் பெயரைக் கேட்டாலே ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொரு தலையும் ஒரு வண்ணத்தில் இருக்கும் ஐந்து தலை டிராகன்தான் ஞாபகம் வரும். பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில் அந்த ஐந்து தலை எங்கும் இல்லை. அங்கே அவள் உப்புக் கடல். அவள் கணவன் அப்சு நன்னீர். இரண்டு நீரும் கலந்து தெய்வங்கள் பிறக்கிறார்கள். பிள்ளைகள் போடும் சத்தம் தாங்காமல் அவர்களைக் கொன்றுவிடலாம் என்கிறான் அப்சு. பெற்றதை நாமே அழிப்பதா என்று தடுப்பவள் தியாமத். அவர்கள் வம்சத்தில் வந்த ஏயா முந்திக்கொண்டு அப்சுவைக் கொன்றுவிடுகிறான். அதற்கப்புறம்தான் அவள் அரக்கர்களைப் பெற்றுப் படை திரட்டுகிறாள். கடைசியில் பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்துக் அவளைக் கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். அவள் கண்களிலிருந்து டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் ஓடுகின்றன. புருஷனைப் பறிகொடுத்தவள், தன் வம்சத்தில் வந்தவனாலேயே சாகிறாள், அவள் உடம்புதான் உலகம். இவ்வளவையும் விட்டுவிட்டு வண்ணத்துக்கு ஒரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தால் நஷ்டம் ஆட்டத்துக்குத்தான். ஐந்து தலையை நீக்கச் சொல்லவில்லை, அதுவும் இன்று ஒரு மரபாகிவிட்டது. ஆனால் உங்கள் உலகத்தில் ஆற்றுத் தண்ணீர் அவள் கண்ணீர் என்று கிராமத்துக் கிழவி ஒருத்தி சொல்லட்டும். மேசையில் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்த தவறு அலைன்மென்ட். நல்லவர், கெட்டவர் என்று தெய்வத்துக்கும் பேய்க்கும் முத்திரை குத்திவிடுவது. விதிப்புத்தகங்களில் பசூசு ஒரு தீய அரக்கப் பிரபு, அவ்வளவுதான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அவனுடைய வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது, உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். சிறகு, கழுகின் கால், தேள் வால், பல்லை இளிக்கிற மிருக முகம். கெட்ட காற்றுப் பேய்களுக்கெல்லாம் ராஜா நான் என்று அவனே சொல்வதாக அதில் எழுத்து. தலைக்கு மேலே ஒரு வளையம், கட்டித் தொங்கவிடுவதற்கு. இந்தப் பேயை எதற்காகத் தொங்கவிட வேண்டும்? லமஷ்து வராமலிருக்க. கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் தேடி வருகிறவள் அவள். அவளை விரட்ட பசூசுவால் முடியும் என்று நம்பி, அவன் தலையைத் தாயத்தாக அணிந்தார்கள். கையில் குழந்தையோடு உக்கிரமாக நிற்கும் பெரியாச்சியைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை.

அந்த லமஷ்துவோ வானதெய்வம் அனுவின் மகள். பேய் என்றும் தெய்வம் என்றும் கோடு கிழிக்க முடியாது. அவளைத் துரத்தும் சடங்கில் சீப்பும் நூற்கும் கதிரும் கொடுத்து, சீர்வரிசையோடு அனுப்புவதுபோல ஆற்று வழியே அனுப்பிவைக்கிறார்கள். என் முதல் ஆட்டத்தில் பசூசு ஒரு பாலத்தின்மேல் நின்றான், ஆடியவர்கள் மூன்று சுற்றில் அவனைக் கொன்றார்கள், அடுத்தது யார் என்று கேட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. வேறெதுவும் செய்ய நான் வழி வைக்கவில்லை.

பேச்சுக்கும் படையலுக்கும் வழி வைக்காத இந்தத் தவறுதான் என் கணக்கில் மிகப் பெரியது. பாபிலோனியரின் இன்னொரு காவியமான அத்ரஹாசிஸில் ஒரு காட்சி. மனிதர்கள் பெருகிப்போய் சத்தம் தாங்கவில்லை என்று என்லில் என்ற தெய்வம் கொள்ளைநோயை ஏவுகிறான். நோயைக் கொண்டுவருகிறவன் நம்தார். அவனை எப்படி நிறுத்துவது? மனிதர்கள்மேல் இரக்கமுள்ள என்கி என்ற தெய்வம் ஒரு யோசனை சொல்கிறான்: வேறு எந்தத் தெய்வத்தையும் கும்பிடாதீர்கள், நம்தாரின் வாசலைத் தேடிப் போய் சுட்ட ரொட்டியை அங்கே வையுங்கள். காணிக்கையைப் பார்த்து அவன் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொள்வான். அப்படியே நடக்கிறது. நோயை வெட்கப்பட வைக்கிறார்கள்! எந்த மந்திரப் பட்டியலிலும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

ஆவிகள் விஷயமும் இதேதான். ஆட்டத்தில் ஆவி என்றால் வெள்ளி வாளைத் தேடுவார்கள். பாபிலோன் இருந்த மெசப்பொடேமியாவில் செத்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வைக்கும் கிஸ்பு என்ற சடங்கு உண்டு. நிலா மறையும் நாளில் அதைச் செய்தார்கள், நாம் அமாவாசையில் செய்வதுபோல. வைக்க ஆளில்லாத ஆவிதான் உயிரோடிருப்பவர்களைத் தொந்தரவு செய்யும். அப்படியானால் ஆடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆவிக்கு யார் தண்ணீர் வைக்க மறந்தார்கள் என்பது. அதிலேயே ஒரு முழு இரவு ஆட்டம் இருக்கிறது.

பூசாரியை வெறும் காயம் ஆற்றுகிற வைத்தியராக வைத்துவிடாதீர்கள். பாபிலோனின் அகிது புத்தாண்டு விழாவில் ஐந்தாம் நாள், தலைமைப் பூசாரி அரசனின் செங்கோலையும் கிரீடத்தையும் வாங்கி வைத்துவிட்டு, கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்துப்போய் மர்துக்கின் முன் மண்டியிட வைப்பார். தான் பாவம் செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை என்று அரசன் சொல்ல வேண்டும். திரும்பவும் அறை விழும். கண்ணில் நீர் வந்தால் தெய்வம் திருப்தி என்று அர்த்தம். க்ளெரிக், அதாவது பூசாரிப் பாத்திரம், ஆடுகிறவருக்கு இந்த அறையைக் கொடுத்துப் பாருங்கள்.

பல ஊர்த் தெய்வங்களை ஒரே கோவிலில் அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரோடு ஒட்டியவர்கள் அவர்கள். மர்துக்கின் சிலையை எதிரிகள் தூக்கிப்போனபோதெல்லாம் பாபிலோன் தெய்வமில்லாத ஊராகத் தவித்தது. எல்லோரையும் எங்கும் கும்பிடலாம் என்றால் இந்தத் தவிப்பு வராது. இன்றும் கும்பிடப்படுகிற தெய்வங்களை எடுக்கிறீர்களென்றால், மேசையில் யார் வீட்டுச் சாமி அது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நான் நடத்தும் ஆட்டம் ஒரு வாசல்படியில் தொடங்குகிறது. பழைய அசீரியாவின் நினிவே நகரில் அசூர்பனிபால் அரசனின் அரண்மனையில் கிடைத்த ஐந்து களிமண் நாய்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, உள்ளங்கையில் அடங்கும் அளவு. தீயது உள்ளே வராமலிருக்கப் புதைத்தவை. ஒவ்வொன்றின்மேலும் அதன் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்றின் பெயர்: 'யோசிக்காதே, கடி'. என் ஆட்டத்தில் நாலு நாய்கள் மட்டும் இருக்கும், ஐந்தாவது குழி காலியாக இருக்கும். போன மாதம் ஆடியவர்களில் ஒருத்தி அந்தக் குழியைப் பார்த்ததும் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்காரர்கள் கடைசியாக எப்போது இங்கே படையல் வைத்தார்கள்?" என்று கேட்டாள்.