பழைய பாணி லேபிள் எழுத்து: ஆர்வோ போல்ட் இட்டாலிக்கில் செய்து பார்க்கலாம்

எழுத்தின் முனைகளில் செங்கல் வைத்தாற்போல் கனமான பட்டைகள் இருந்தால் அது ஸ்லாப் செரிஃப் வகை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விளம்பரங்கள் பெருகியபோது, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற எழுத்து அச்சகங்களுக்குத் தேவைப்பட்டது. லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வார்த்தவை இந்த வகையில் முதலில் வந்தவற்றுள் சேரும். இதையே தடிமனாகச் சாய்த்துப் போட்டால் பழைய லேபிளின் களை வந்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில், 'சோடா' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (SODA) அமைப்போம்.

1. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் 'ஆர்வோ' (Arvo) என்ற ஸ்லாப் செரிஃப் ஃபான்ட்டைத் தேடி இறக்குங்கள். ஜிப்பைப் பிரித்தால் நான்கு ஃபான்ட் ஃபைல்கள் இருக்கும்; நமக்கு வேண்டியது போல்ட் இட்டாலிக், அதாவது தடிமனும் சாய்வும் சேர்ந்தது. ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது.

சாதா எழுத்தையே சாய்த்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. அப்படிச் சாய்த்த 'ஓ'வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமும் தடித்து, எதிர்ப் பக்கங்கள் மெலிந்திருக்கும். சிறிய அளவில் தெரியாது. லேபிள் அளவில் பல்லிளித்துவிடும். எனவே ஃபான்ட் பட்டியலில் போல்ட் இட்டாலிக் தனியாக இருக்கிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுங்கள். ஆல்ஃபா ஸ்லாப் ஒன் என்ற ஃபான்ட்டும் அழகுதான், ஆனால் அதற்கு இட்டாலிக் இல்லை.

2. வெளிர் மஞ்சளில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன்மேல் சொல்லைத் தட்டச்சு செய்து அரக்குச் சிவப்பு கொடுங்கள். வண்ணம் குறைவாகவே இருக்கட்டும். அந்தக் கால அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாளைத் தனியாக ஒருமுறை ஓட்ட வேண்டியிருந்தது.

3. அடுத்தது இடைவெளி, பொறுமை வேண்டிய வேலை இதுதான். 'டி'க்கும் 'ஏ'வுக்கும் நடுவில் பாருங்கள். அடியில் 'ஏ'வின் பட்டை 'டி'யின் வளைவை நெருங்கியிருக்கும், மேலே 'ஏ' கூம்பிப் போவதால் பள்ளம் விழும். கர்சரை நடுவில் வைத்து, ஆல்ட்டை அழுத்தியபடி இடது அம்புக்குறியைத் தட்டினால் எழுத்துகள் நெருங்கும். பட்டை 'டி'யை உரசாத அளவில் நிறுத்துங்கள்.

4. இனி நிழல். சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி (Ctrl+D) அழுத்தினால் நகல் வரும். அதற்குக் கறுப்பு கொடுத்து, பேஜ் டவுன் தட்டிப் பின்னால் தள்ளுங்கள். எண்ட் பட்டன் வேண்டாம். நகல் செவ்வகத்துக்கும் அடியில் போய் மறைந்துவிடும். அம்புக்குறிகளால் நிழலைக் கொஞ்சம் வலமும் கீழும் நகர்த்துங்கள். அப்புறம் சிவப்புச் சொல்லுக்கு வெளிர் மஞ்சளில் ஒரு ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுத்து, ஸ்ட்ரோக் ஸ்டைலில் அதை ஃபில்லுக்கு (உள் வண்ணத்துக்கு) பின்னால் வையுங்கள். எழுத்துக்கும் நிழலுக்கும் நடுவே மெல்லிய கோடு விழும். வின்டேஜ் தோற்றத்தில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கறை, கிழிசல், துரு எல்லாம் என்னைக் கேட்டால் தேவையில்லை.

5. சொல்லையும் நிழலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, இன்னொரு முறை கிளிக் செய்தால் மூலைகளில் வளைந்த அம்புகள் வரும். வலப்பக்கம் லேசாக ஏறும்படி சுழற்றுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி, வேறு பெயரில் சேமியுங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஆர்வோ இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. ஆனால் அந்த ஃபைலில் பிறகு தட்டச்சு செய்து திருத்த முடியாது, அதனால் பழைய ஃபைலையும் வைத்திருங்கள்.