ஸ்பெயினுக்கு சீக்கிரமே ரிட்டயர் ஆகி வர்றீங்களா? எஸ்1 வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு என்ன வழி

யூகேல இருந்து 55 வயசுல வேலைய விட்டுட்டு இங்க வர்ற நம்ம ஆளுங்க வீடு, பேங்க், வெயில் எல்லாத்தையும் பத்து தடவ அலசுவாங்க, மருத்துவம்னா மட்டும் "அதான் எஸ்1 ஃபார்ம் இருக்கே"ன்னு விட்டுடுவாங்க. எஸ்1ங்கறது ஸ்பெயின்ல உங்க மருத்துவ செலவ யூகே ஏத்துக்கற ஃபார்ம், அது இப்போதைக்கு உங்களுக்கு இல்லைங்க. யூகே ஸ்டேட் பென்ஷன் கைக்கு வர ஆரம்பிச்சாதான் அது, உங்க வயசுக்காரங்களுக்கு அது 67ல. கம்பெனி பென்ஷன் வருதுங்கறதெல்லாம் கணக்குல வராது. முன்னாடி நேஷனல் இன்ஷூரன்ஸ் (யூகேல சம்பளத்துல பிடிக்கற காசு) கட்டினத வச்சு கொஞ்ச காலத்துக்கு ஒரு எஸ்1 குடுத்துட்டு இருந்தாங்க, 2014 ஜூலையோட அதுவும் போச்சு, பழைய ஆளுங்க இன்னும் அதையே சொல்லிட்டு இருப்பாங்க. ஜிஹெச்ஐசிங்கற யூகே மருத்துவ கார்டு டூர் வர்றவங்களுக்கு, குடி வந்தவங்களுக்கு இல்ல.

ஆக 55ல வந்தா 12 வருஷம் நீங்களே பாத்துக்கணும்.

முதல் வருஷத்துக்கு வேற வழியே இல்ல, பிரைவேட் இன்ஷூரன்ஸ்தான். வேலை பாக்காம தங்கற விசாவுக்கே அது இருந்தாகணும், அதுவும் ஸ்பெயின்ல அனுமதி வாங்கின கம்பெனியா இருக்கணும், டிராவல் இன்ஷூரன்ஸ் காட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க. பாலிசில ரெண்டு வார்த்தைய தேடுங்க: கோபாகோ, கரென்சியா. முதலாவது ஒவ்வொரு தடவ டாக்டர பாக்கறப்பவும் நீங்க கட்டற காசு, ரெண்டாவது இத்தன மாசம் கழிச்சுதான் ஆபரேஷன்னு போடற காத்திருப்பு. ரெண்டும் இல்லாத பாலிசிதான் விசாவுக்கு செல்லும். மலிவா இருக்கேன்னு எடுக்கறதுல கண்டிப்பா ஒண்ணாவது ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது ஹெல்த் கேள்வித்தாள். நம்ம ஆளுங்கள்ல பாதி பேருக்கு சுகர், மீதி பேருக்கு பிரஷர், இதுல "இல்ல"ன்னு டிக் பண்ணிட்டு வந்துடறது ரொம்ப தப்பு, பின்னாடி பெருசா எதாவது வந்து ஃபைல தோண்டினா கிளெய்ம் காலி. சொன்னா சேத்துக்க மாட்டாங்களேன்னு கேட்பீங்க. சிலர் மாட்டாங்க, சிலர் அந்த வியாதிய மட்டும் விட்டுட்டு எடுப்பாங்க, ஆனா விசா ஆபீஸ் அந்த விலக்கு பத்தி என்ன சொல்லும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஜிபி (யூகேல உங்க குடும்ப டாக்டர்) கிட்ட உங்க ரெக்கார்ட் பிரிண்ட் வாங்கிடுங்க, கடைசி ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) ரிசல்ட்டும், மாத்திரைங்க பிராண்டு பேர்ல இல்லாம மருந்து பேர்லயே இருக்கற லிஸ்ட்டும். நான் இங்க மருந்துக்கடைல காலியான மாத்திரை அட்டைய நீட்டினேன், அந்தம்மா பின்பக்கம் திருப்பி மெட்ஃபார்மின்ங்கற சுகர் மருந்து பேர பாத்ததும்தான் தலையாட்டினாங்க. பிரைவேட் பாலிசி இருந்தாலும் மாத்திரை காசு பெரும்பாலும் நம்ம பைதான்.

வந்த வாரமே ஆயுந்தாமியெந்தோல (ஊர் நகராட்சி ஆபீஸ்) போய் பத்ரோன்ல (ஊர்ல குடியிருக்கறவங்க பதிவேடு) பேர் பதிஞ்சுடுங்க, தள்ளிப் போடாதீங்க, ஏன்னா கடிகாரம் அங்கதான் ஓட ஆரம்பிக்குது. ஒரு வருஷம் தொடர்ந்து இருந்துட்டா கன்வேனியோ எஸ்பெசியால் கேட்கலாம், 2013ல சட்டமா வந்தது, மாசாமாசம் பணம் கட்டி அரசாங்க மருத்துவத்துல சேர்றது. 65க்கு கீழ ஆளுக்கு 60 யூரோ, அதுக்கு மேல 157. சுகர் இருக்கா பிரஷர் இருக்கான்னு கேள்வியே கிடையாது, என்னைக் கேட்டா இதுக்காகவே கண்ண மூடிட்டு சேரலாம். குறை என்னன்னா வெளில வாங்கற மருந்துக்கு சலுகை இல்ல, முழு விலை. இன்னொண்ணு, 65ல தொகை எகிறும், எஸ்1 வர்றதோ 67ல, அந்த ரெண்டு வருஷத்துக்கு ஆளுக்கு 2,328 யூரோ கூடுதலா ஆகும், இத பட்ஜெட்ல போடாதவங்கதான் ஜாஸ்தி.

கன்வேனியோ கையெழுத்தாகற வரைக்கும் பிரைவேட்ட விட்டுடாதீங்க. விடறதுன்னா பாலிசி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லணும், இங்க சட்டமே அப்படி. நான் இருபது நாள் இருக்கும்போதுதான் மெயில் போட்டேன், "புதுப்பிச்சாச்சு"ன்னு பதில் வந்துது, அடுத்த ஒரு வருஷம் ரெண்டுக்கும் சேத்து கட்டினேன், வீட்ல இன்னிக்கும் அத சொல்லிக்காட்டிட்டு இருக்காங்க.