டெபியன் 12-இலிருந்து 13-க்கு: மாறியிருப்பவையும் மேம்படுத்தும் முறையும்

டெபியன் 13 இயங்குதளம் ‘டிரிக்ஸி’ என்ற பெயரில் 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 6.12, மேசைச்சூழல்களான க்னோம் 48, கேடிஈ பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஈ 4.20, லிப்ரேஆபிஸ் 25.2, பைத்தான் 3.13 என்று பதிப்பு எண்கள் எல்லாம் உயர்ந்திருக்கின்றன. 14,100-க்கும் மேற்பட்ட புதிய பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகள்) சேர்ந்து, அவை வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தின் மொத்தக் கணக்கு 70,000-ஐ நெருங்கிவிட்டது. பதிப்பு எண் உயர்வதால் மட்டும் ஒரு கணினி நின்றுபோவது அரிது. இதுவரை ஒரு விதமாக இருந்த இயல்புநிலை அமைப்புகள் சில வேறு விதமாக மாறியிருப்பதை அறியாமல் மேம்படுத்துவதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன. ஆகவே களஞ்சியக் கோப்பில் டெபியன் 12-இன் பெயரான ‘புக்வோர்ம்’ என்பதை ‘டிரிக்ஸி’ என்று மாற்றுவதற்கு முன்பே பார்த்து முடிக்க வேண்டிய வேலைகளுக்கு இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அவசரப்பட வேண்டிய தேவை இல்லை. டெபியனின் ஒவ்வொரு நிலையான வெளியீட்டுக்கும் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில் என்பதால், அதன் முழு ஆதரவு 2026 ஜூன் வரையிலும் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரையிலும் நீளுகிறது. ஓய்வான ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு இந்த வேலையைச் செய்யலாம்.

உங்கள் கணினி இந்த வெளியீட்டுக்கு ஏற்றதா?

கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தைத் திறந்து ‘டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்’ என்ற கட்டளையை இடுங்கள். விடை ‘ஏஎம்டி64’ என்று வந்தால் தொடரலாம். ‘ஐ386’ என்று வந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த வெளியீட்டில் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. 64-பிட் கணினியில் பழைய 32-பிட் மென்பொருள்களை ஓட்டுவதற்காக மட்டுமே அந்தக் கட்டமைப்பின் பொதிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கணினியின் செயலி 64-பிட் ஆக இருந்தும், என்றோ 32-பிட் டெபியனை நிறுவிவிட்டு அப்படியே மேம்படுத்திக்கொண்டே வந்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் தரவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஏஎம்டி64 பதிப்பைப் புதிதாக நிறுவுவதே டெபியன் பரிந்துரைக்கும் வழி. நிறுவியிருப்பதை அப்படியே 64-பிட்டுக்கு மாற்றுவது தொழில்நுட்ப அளவில் முடியும் என்றாலும் ஆபத்து மிகுந்தது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. டெபியன் 12-இலிருந்து மட்டுமே 13-க்கு நேராக வர முடியும். 11-இல் இருப்பவர்கள் முதலில் 12-க்கு வந்து, அங்கே எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி எடுத்து வைக்க வேண்டும்.

புக்வோர்மில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

காப்புநகல் எடுப்பதுதான் முதல் வேலை. பயனர்களின் ஹோம் அடைவை மட்டும் எடுத்தால் போதாது. ஈடிசி அடைவு முழுவதும், வார் அடைவுக்குள் லிப் என்பதன் கீழ் உள்ள டிபிகேஜி அடைவும், நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலும் வேறொரு வட்டில் பத்திரமாக இருக்க வேண்டும். தரவுத்தளம் ஓடும் கணினி என்றால், அந்தத் தரவுத்தளத்தின் சொந்தக் கருவியைக் கொண்டே தனியாக ஒரு நகல் எடுங்கள். மரியாடிபி வைத்திருப்பவர்கள் அதை முறையாக நிறுத்திவிட்டு மேம்படுத்த வேண்டும். மின்சாரம் போய்த் திடீரென்று நின்ற நிலையில் உள்ள தரவுக் கோப்புகளைப் புதிய பதிப்பு ஏற்காமல் போகலாம்.

அடுத்து, இப்போதுள்ள டெபியன் 12-ஐக் கடைசி நிலை வரை புதுப்பிக்க வேண்டும். பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவியின் ‘ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்ற இரண்டு கட்டளைகளையும், நிர்வாகி உரிமை தரும் சுடோ சேர்த்து ஓட்டுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக மேம்படுத்தப் போகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம்: புக்வோர்மின் பழைய எஸ்எஸ்எச் சர்வர் பொதியுடன் மேம்படுத்தத் தொடங்கி, நடுவில் இணைப்பு அறுந்தால், மீண்டும் உள்ளே நுழைய முடியாமல் போகும் வாய்ப்பு இருந்தது, புக்வோர்முக்காகவே பின்னர் வந்த ஒரு புதுப்பித்தலில் அது சரிசெய்யப்பட்டது.

பின்பு ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ என்று கேட்டு, எந்தப் பொதியாவது புதுப்பிக்கப்படாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விடுவியுங்கள். ‘டிபிகேஜி --ஆடிட்’ கட்டளை எதையும் காட்டாமல் வெறுமையாகத் திரும்ப வேண்டும். டெபியனுக்கு வெளியே உள்ள களஞ்சியங்களை நிறுத்தி வையுங்கள். அவற்றை நடத்துபவர்கள் டிரிக்ஸிக்கான பொதிகளை வெளியிட்டிருக்கிறார்களா என்பதை மேம்படுத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள பூட் பிரிவைத் தனியாக வைத்திருப்பவர்கள் அதன் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். அது குறைந்தது 768 எம்பி அளவுள்ளதாகவும், அதில் ஏறக்குறைய 300 எம்பி காலியாகவும் இருக்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய கணினிகளில் இந்தப் பிரிவு இதைவிடச் சிறிதாக இருப்பது வழக்கம். பழைய கெர்னல்களை நீக்கியும் இடம் போதவில்லை என்றால், பிரிவைப் பெரிதாக்கிய பின்னரே தொடருங்கள். கெர்னலின் தொடக்கக் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் இடம் தீர்ந்துபோனால், அடுத்த முறை கணினி எழாது.

அமைப்பில் முன்கூட்டியே திருத்த வேண்டிய நான்கு இடங்கள்

முதலாவது, ஈடிசி அடைவில் உள்ள சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப் என்ற கோப்பு. கெர்னலுக்கான அமைப்புகளைப் பலர் அதில்தான் எழுதி வைத்திருப்பார்கள். டிரிக்ஸியில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. நீங்கள் எழுதிய வரிகள் செயலுக்கு வராமல் கிடக்கும், அவ்வளவுதான். பிணையப் பாதுகாப்புக்காகவோ, நினைவகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவோ எழுதிய வரி ஒன்று இப்படிச் செயலிழந்தால், அது தெரியவர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த வரிகளை வெட்டி, அருகிலேயே உள்ள சிஸ்கன்ட்ரோல்.டி என்ற அடைவுக்குள், ‘.கான்ஃப்’ என்று முடியும் பெயருள்ள ஒரு கோப்பில் ஒட்டினால் போதும். இதை டெபியன் 12-இலேயே செய்துவிடலாம்.

இரண்டாவது, எஸ்எஸ்எச் சாவிகள். டிஎஸ்ஏ வகைச் சாவிகளை ஏற்கும் வசதி ஓப்பன்எஸ்எஸ்எச்சிலிருந்து முற்றிலும் எடுக்கப்பட்டுவிட்டது. முன்போல அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அதைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தச் சாவியின் இரகசியப் பகுதி 160 பிட்டுக்குள் அடங்கியது, ஷா-1 என்ற பழைய முறையைச் சார்ந்தது என்பதால் இந்த நீக்கம் நியாயமானதே. உங்கள் சாவி டிஎஸ்ஏ வகை என்றால், இப்போதே ஈடி25519 வகையில் புதிய சாவி ஒன்றை உருவாக்கி, எல்லாச் சர்வர்களிலும் பதிந்து, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

மூன்றாவது, மறையாக்கப்பட்ட வட்டுகள். அவற்றைத் தானாகக் கண்டறிந்து இணைக்கும் பகுதி ‘சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப்’ என்ற தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேம்படுத்தும்போது அது தானாக நிறுவப்படும்; ஆனால் பரிந்துரைக்கப்பட்ட பொதிகளை நிறுவ வேண்டாம் என்று ஆப்ட் கருவிக்குச் சொல்லி வைத்திருப்பவர்களின் கணினியில் அது வராது. மேம்படுத்தி முடித்ததும், மறுதொடக்கம் செய்வதற்கு முன், அது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நான்காவது மாற்றம் எல்லோரையும் தொடும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இனி வட்டில் இருக்காது, நினைவகத்தில் இருக்கும். கணினியின் நினைவகத்தில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் டெம்ப் அடைவின் உச்சவரம்பு ஏறக்குறைய 4 ஜிபி. இது உச்சவரம்புதான், கோப்புகள் உண்மையில் உருவாகும்போது மட்டுமே நினைவகம் செலவாகும். சாதாரண மேசைக் கணினியில் இதனால் வேகம் கூடும், வட்டின் தேய்மானம் குறையும். ஆனால் பெரிய காணொளிக் கோப்புகளைப் பதப்படுத்துபவர்களும், வட்டுப் படிமங்களை டெம்ப் அடைவில் விரித்து வேலை செய்பவர்களும் இந்த வரம்பில் மோதுவார்கள். மறுதொடக்கம் செய்தால் அதில் உள்ளவை மறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே எதையாவது சேமித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். புதிதாக நிறுவிய கணினிகளில், டெம்ப் அடைவில் பத்து நாட்களுக்கு மேல் தொடப்படாத கோப்புகளும், வார் அடைவுக்குள் உள்ள டெம்ப்பில் முப்பது நாட்களுக்கு மேல் கிடப்பவையும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நீக்கப்படும்.

பழைய முறையே வேண்டும் என்பவர்கள் ரூட் (நிர்வாகி) பயனராக ‘சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுன்ட்’ என்ற கட்டளையை இட்டு மறுதொடக்கம் செய்தால், டெம்ப் மீண்டும் வட்டுக்கே வந்துவிடும். (கட்டளையில் ‘டெம்ப்’ என்பதை அடைவின் மூன்றெழுத்துப் பெயராகவே தட்டச்சிட வேண்டும்.) வட்டுப் பிரிவுகளை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் டெம்ப்பைத் தனிப் பிரிவாக ஏற்கெனவே குறித்து வைத்திருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. மேம்படுத்திய பின், வட்டில் கிடந்த பழைய டெம்ப் கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. மூல அடைவை ‘மவுன்ட் --பைன்ட்’ மூலம் வேறோர் இடத்தில் இணைத்தால் அவற்றைக் காணலாம்.

மேம்படுத்தும் முறை

வரைகலைத் திரைக்குள்ளிருந்து இந்த வேலையைத் தொடங்காதீர்கள். நடுவில் திரை மேலாளர் மறுதொடக்கம் ஆனால் உங்கள் முனையமும் மூடிவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி உரை முனையத்துக்குச் செல்லுங்கள். தொலைவிலிருந்து செய்பவர்கள், இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் கருவிக்குள் இருந்து செய்யுங்கள். ‘ஸ்கிரிப்ட்’ என்ற கட்டளையைத் தொடங்கி வைத்தால், திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும். பிழை வந்தால் காரணம் தேட இதைவிட நல்ல துணை இல்லை.

இப்போது களஞ்சியக் கோப்பான சோர்சஸ்.லிஸ்ட்டைத் திறந்து, ‘புக்வோர்ம்’ என்று வரும் எல்லா இடங்களிலும் ‘டிரிக்ஸி’ என்று மாற்றுங்கள். பாதுகாப்பு, புதுப்பித்தல் ஆகியவற்றுக்கான வரிகளும் இதில் அடங்கும். ‘ஸ்டேபிள்’ என்ற பொதுப் பெயரை எழுதி வைத்திருந்தால் அதையும் ‘டிரிக்ஸி’ என்றே ஆக்கிவிடுவது நல்லது. அடுத்த வெளியீடு வரும் நாளில் உங்களைக் கேளாமல் கணினி அதற்குத் தாவாமல் இருக்கும். பிறகு ‘ஆப்ட் அப்டேட்’ ஓட்டுங்கள்.

மேம்படுத்தலை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதற்கட்டம் ‘ஆப்ட் அப்கிரேட் --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்’. புதிய பொதிகளைச் சேர்க்காமலும் எதையும் நீக்காமலும் உயர்த்தக்கூடியவற்றை மட்டும் இது உயர்த்தும். அது முடிந்ததும் ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. இந்த இரண்டாம் கட்டத்தில், ‘ஒய்’ என்று விடை சொல்வதற்கு முன், நீக்கப்பட இருக்கும் பொதிகளின் பட்டியலை முழுமையாகப் படியுங்கள். பெயர் மாறிய நூலகப் பொதிகள் நீங்குவது இயல்பு. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மேசைச்சூழலோ சர்வர் மென்பொருளோ அந்தப் பட்டியலில் இருந்தால் ‘என்’ என்று சொல்லிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

இடையிடையே ஒரு கேள்வி வரும்: அமைப்புக் கோப்பு ஒன்றை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், பொதியோடு புதிய கோப்பும் வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்வது? வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் கோப்பே நிலைக்கும். புதியது அதே பெயருடன் ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் வைக்கப்படும். ‘டி’ விசையைத் தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கழித்தல் குறியுடன் இருப்பவை உங்கள் வரிகள், கூட்டல் குறியுடன் இருப்பவை புதியவை. எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்புக்கு இந்தக் கேள்வி வந்தால், தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் தங்கள் கோப்பையே வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மாற்றி வைத்த போர்ட் எண் புதிய கோப்பில் இருக்காது.

மறுதொடக்கத்துக்குப் பின்

முதலில் பிணைய இணைப்பைப் பாருங்கள். புதிய கெர்னலோடு சில பிணைய அட்டைகளின் இடைமுகப் பெயர் மாறக்கூடும். அமைப்புக் கோப்பில் பழைய பெயரை எழுதியிருந்தால் இணைப்பு வராது. நேரில் போய்த் தொட முடியாத சர்வர்களுக்கு, மறுதொடக்கத்துக்கு முன்பே வேறொரு நுழைவழியை ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

‘லாஸ்ட்’, ‘லாஸ்ட்லாக்’ என்ற கட்டளைகளைத் தேடினால் கிடைக்காது. 32-பிட்டில் சேமிக்கப்படும் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும் என்பதால், ஐ386 தவிர்த்த எல்லாக் கட்டமைப்புகளும் 64-பிட் நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. பயனர்கள் நுழைந்த நேரத்தைப் பதியும் பழைய கோப்புகளின் வடிவம் அதற்கு ஒத்துவராததால் அவற்றின் கருவிகளும் விலக்கப்பட்டன. ‘டபிள்யூடிஎம்பிடிபி’, ‘லாஸ்ட்லாக்2’ என்ற பொதிகளை நிறுவி அவற்றைப் பயன்படுத்தலாம். ஆயிரக்கணக்கான பொதிகளை மறுபடி தொகுத்துச் செய்த இந்த மாற்றத்தையே இந்த வெளியீட்டின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். வெளியே தெரியாத உழைப்பு அது.

ஆப்ட் கருவியும் 3.0-க்கு வந்திருக்கிறது. பொதிகள் நெடுவரிசையாக அடுக்கிக் காட்டப்படுகின்றன. நீக்கப்படுபவை கடைசியில், சிவப்பு நிறத்தில் வருவதால் கண்ணுக்குத் தப்பாது. ‘ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்’ என்று இட்டால், களஞ்சிய வரிகளைப் புதிய வடிவத்துக்கு அதுவே மாற்றிக்கொடுக்கும். கட்டாயம் இல்லை, செய்துவிட்டால் கோப்பைப் படிப்பது எளிது.

கடைசியாகத் துப்புரவு. ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ தேவையற்ற சார்புப் பொதிகளை நீக்கும். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் கணினியில் மட்டும் எஞ்சியிருப்பவற்றை ‘ஆப்ட் லிஸ்ட் ?அப்சொலீட்’ காட்டும், கேள்விக்குறியோடு கூடிய சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் இடுங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கை வைக்கும் முன் நிற்க வேண்டும். புதிய 17 நிறுவப்பட்டாலும், உங்கள் தரவுகள் இன்னும் 15-இல்தான் இருக்கும், 15-இன் பொதியும் இந்தப் பட்டியலில் வரும். ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ கட்டளையால் தரவுகளைப் புதிய பதிப்புக்கு நகர்த்தி, உங்கள் செயலிகள் அதனோடு சரியாகப் பேசுகின்றன என்று உறுதிசெய்த பிறகே பழையதை நீக்குங்கள்.