ஆசிரியர் சங்க நிர்வாகக் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் பாளையங்கோட்டையில் நடைபெற்ற பாட ஆசிரியர் சங்கமொன்றின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு, முன்னாள் செயலாளர் என்ற முறையில் சென்றிருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர் பேச்சுகள் அனைத்தையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார். தீர்மானப் புத்தகம் மேசை மீது மூடியபடியே கிடந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம் சார்" என்றார். 2023ஆம் ஆண்டில் நானும் அதையேதான் சொன்னேன்.

சங்கப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பன போன்றவற்றை ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளையே இங்கு எழுதுகிறேன்.

தீர்மானத்தில் பெயர் எழுதாமல் விடுவது

அந்த ஆண்டு ஜூலையில் பொதுக்குழு கூடி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் மாற்றியது. இரண்டு நாள் கழித்து நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில் வரவேற்புரைக்கும் வாழ்த்துரைகளுக்கும் இரண்டரைப் பக்கம் சென்றது. தேர்தலுக்குக் கிடைத்தது ஒரே வரி. "புதிய நிர்வாகிகள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்." அவ்வளவுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவில் ஏற்படும் மாற்றத்தைப் படிவம் 7இல் மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. காலாண்டுத் தேர்வு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட்டதில் கெடு கடந்துவிட்டது.

நவம்பர் இறுதியில் காசோலையில் கையொப்பமிடுவோரை மாற்றக் கோரி வங்கிக்குச் சென்றோம். மேலாளர் தீர்மானத்தின் நகலை நிதானமாகப் படித்தார். விரலை அந்த ஒரு வரியில் வைத்து, "யார் யார் சார்?" என்று கேட்டார். முன்னே அமர்ந்திருந்த எங்கள் மூவரைத்தான் என்று சொன்னால் போதாது. வெளியேறுவோர் யார், வருவோர் யார், கணக்கை இயக்குவோர் எவர் எவர், கூட்டாகவா தனித்தனியாகவா என்பவை தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் படிவம் பெற்றுக்கொண்டதற்கான சான்றும் வேண்டும். பழைய பொருளாளரோ கலந்தாய்வில் மாறுதல் பெற்றுக் கிருஷ்ணகிரிக்குச் சென்றிருந்தார். புத்தகத்தில் ஓரத்தில் பெயர்களைச் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் யோசனை கூறினார். கையொப்பத்துக்குப் பின் சேர்த்த எழுத்து திருத்தமன்று, போலி என்று நான் மறுத்தேன். அது ஒன்றுதான் அந்த விவகாரத்தில் நான் சரியாகச் செய்தது.

எங்கள் துணைவிதிப்படி 21 நாள் அறிவிப்புக் கொடுத்து மீண்டும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்த அறிவிப்பு அச்சாகிக்கொண்டிருந்தபோதுதான் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டு சிந்துபூந்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் உறுப்பினர்களின் வீடுகளுக்குள் புகுந்தது. இத்தகைய நாளுக்கென்றே பத்தாண்டுகளாகச் சேர்த்த நலநிதி வங்கியில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க எங்களால் இயலவில்லை. ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கைக்காசைத் திரட்டிப் பாயும் போர்வையும் வாங்கிக் கொடுத்தோம். கணக்கு எங்கள் கைக்கு வந்தது மார்ச் மாதத்தில். வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆன பிறகு வந்த காசோலையை ஓர் ஆசிரியை புன்னகையோடு வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது.

ஆகவே தீர்மானத்தைக் கூட்டம் கலையும் முன்பே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு அங்கேயே கையொப்பம் பெற்றுவிடுங்கள். வாழ்த்துரைகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், எழுதாவிட்டாலும் குறையில்லை.

எல்லாக் கூட்டத்தையும் பாளையங்கோட்டையிலேயே வைப்பது

பள்ளி விட்டுக் களக்காட்டிலிருந்து பேருந்து பிடித்து வருபவர் ஐந்து மணிக் கூட்டத்துக்கு எப்படி வந்து சேருவார்? "அண்ணாச்சி, நன்றியுரை கேட்கத்தான் நான் வாரேன்" என்று ஒரு செயற்குழு உறுப்பினர் சொன்ன பிறகே எங்களுக்கு உறைத்தது. ஒரு கூட்டத்தையாவது வள்ளியூரிலோ சேரன்மகாதேவியிலோ வையுங்கள்.

ஆனித் தேரோட்ட வாரத்தில் பொதுக்குழு

வைக்காதீர்கள்.

பட்டியல் இல்லாமல் பொறுப்பை வாங்குவது

எனக்கு முன்பிருந்தவர் பொறுப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். எண்ணிப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்து அப்படியே வாங்கிக்கொண்டேன். உள்ளே முத்திரை, உறுப்பினர் பதிவேடு, இரண்டு சந்தா ரசீதுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் 37 முதல் 41 வரையிலான ரசீதுகளுக்கு அடிக்கட்டை இல்லை என்பதைத் தணிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். அந்த ஐந்து பேரின் சந்தாவையும் என் கையிலிருந்து கட்டினேன்.