யாழ்ப்பாணத்தில் நாலைந்து மாதம் தங்க வீடு பிடிப்பவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை விடுமுறையில் வருபவருக்குச் சித்தப்பா வீட்டு முன்னறை போதும். நாலைந்து மாதம் இருக்க வருபவருக்கு அது சரிவராது. உங்களுக்கென்று சித்தி விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவிப்பதும், நீங்கள் பிந்தி வந்தால் கேற் திறக்க ஒருவர் விழித்திருப்பதும் இரண்டாம் மாதத்திலேயே இரு பகுதிக்கும் பாரமாகிவிடும். சொந்தக்காரர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் உறவும் நல்லபடி இருக்கும், உங்கள் சமையலும் உங்கள் கையில் இருக்கும்.

ஆனால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு படத்தைப் பார்த்து வீட்டை முடிவு செய்யாதீர்கள். படத்தில் புது மாபிள் தெரியும், குளிரூட்டி தெரியும். கிணற்றுத் தண்ணீரின் உருசி தெரியாது, பக்கத்து மில்லின் சத்தம் கேட்காது. முதல் ஒரு கிழமை, பத்து நாளுக்கு விடுதியில் அறை எடுங்கள். அங்கிருந்து தேடுங்கள். உதயன், வலம்புரி பத்திரிகைகளில் வாடகை விளம்பரங்கள் வரும். அதைவிடப் பயன் தருவது, நீங்கள் இருக்க விரும்பும் ஒழுங்கையில் காலையும் மாலையும் நடந்து, சந்திக் கடையில் விசாரிப்பது. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் சாவி வைத்திருக்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். தரகர் மூலம் போனால் அவருடைய கூலியை வீடு பார்க்கப் போகுமுன் பேசி முடியுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கிணற்றடிக்குப் போங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். அதனால் தை மாதத்தில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு ஆவணியில் உப்புக் கரித்துச் சவராகலாம், வற்றி அடி தெரியவும் கூடும். வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்: "அக்கா, ஆவணியில உங்கட கிணறு எப்பிடி? குடிக்கலாமோ, சவரோ?" அவவுக்கு வாடகை வருமானம் இல்லை. உள்ளதைச் சொல்லுவா.

தோட்டக் காணிகள் சூழ்ந்த வலிகாமப் பகுதியில் வேறொரு கவனம் வேண்டும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், நெருக்கமாகக் கட்டிய மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற இரசாயனத்தைக் கூட்டிவிட்டன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உங்களோடு வந்தால் குடிக்கவும் பால்மா கரைக்கவும் ஆர்ஓ முறையில் வடிகட்டிய தண்ணீர் வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தப் பகுதியில் வீடு பார்த்தால் கிணற்று நீர் பரிசோதித்த அறிக்கை உண்டா என்று கேட்பதில் தப்பில்லை. தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. இந்த வீட்டுக்கு இணைப்பு வந்துவிட்டதா, எந்த நேரம் தண்ணீர் வரும் என்பதையே கேளுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்துத்தான். மோட்டரைப் போட்டு மேல்தாங்கி நிரம்பும்வரை நில்லுங்கள்.

எந்த ஊர் என்பது வருகிறவரின் வயதைப் பொறுத்தது. அம்மா அப்பாவோடு வருபவர்கள் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கிட்ட, சுண்டிக்குளி, கந்தர்மடம், நல்லூர்ப் பக்கம் பார்க்கலாம். திருநெல்வேலியில் சந்தை கைக்கெட்டும் தூரம், ஆனால் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் அறைகளை மாணவர்கள் நிறைத்திருப்பார்கள். அமைதியும் மரநிழலும் வேண்டுமென்றால் தென்மராட்சி. சாவகச்சேரியைச் சுற்றி மாவும் பலாவும் நிற்கும் வளவுகளுக்குள் இருப்பது தனிச் சுகம். அங்கேயும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, கொழும்பு ரயிலும் நிற்கும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்காற்று. தீவுப்பகுதியில் பிறந்தவர்களுக்கு மனம் ஊருக்குத்தான் இழுக்கும், எனக்கு அது நன்றாக விளங்குகிறது. ஆனால் அங்கே நல்ல தண்ணீர் பெரும் பாடு. நாலைந்து மாதத்துக்குக் குடியிருப்பைப் பட்டணத்தில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வருவது நல்லது.

முதியவர்கள் இருந்தால் மேல்மாடி வீட்டை எடுக்கவே வேண்டாம். கொமட் இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குமா, இரவில் எழும்பினால் சுவிட்ச் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். யன்னல்களுக்கு நுளம்பு வலை அடித்திருக்க வேண்டும். மாரி முடிகிற மார்கழி, தை மாதங்களில்தான் இங்கே டெங்கு கூடும். வளவுக்குள் கிடக்கும் சிரட்டை, பழைய ரயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தித் தருமாறு குடிபோக முன்னரே சொல்லுங்கள். வைகாசிக்குப் பிறகு வருபவர்கள், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எந்த யன்னலால் உள்ளே வரும் என்று பார்த்துப் படுக்கையறையைத் தெரிவு செய்தால் குளிரூட்டி அதிகம் தேவைப்படாது. மின் கட்டணம் அலகு கூடக்கூடப் படிப்படியாக ஏறும், மாதம் 180 அலகைத் தாண்டினால் பில் கனக்கும். முதல் நாளே மீற்றரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது.

இனிக் கடதாசி. யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் சீதன வீடுகள். பேச வருபவர் தமையனாக இருப்பார், வீட்டு உறுதி (சொத்துப் பத்திரம்) பாரிஸில் இருக்கும் தங்கையின் பெயரில் இருக்கும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியாமல் வாடகைக்குக் கொடுத்து, மூன்றாம் மாதம் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கினால் பெட்டியோடு வெளியே நிற்பது நீங்கள்தான். உறுதியின் பிரதியைப் பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரம்) யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள், அவரோடு வட்ஸ்அப்பில் ஒருமுறை நேரே பேசுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். "எங்கட ஆக்கள்தானே, எழுத்து என்னத்துக்கு?" என்று யாராவது சொன்னால், "எங்கட ஆக்கள் எண்டபடியால்தான் அண்ணை, பிறகு மனஸ்தாபம் வரக்கூடாது" என்று மரியாதையாகச் சொல்லி எழுதுங்கள். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், கிணறு இறைப்பும் மோட்டர் பழுதும் யார் செலவு, வளவுத் தேங்காய் யாருக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும். வாடகையை ரூபாயில் பேசி வங்கியில் போடுங்கள்.

வாடகையைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நல்லூர்த் திருவிழா 25 நாள். அது ஆடி, ஆவணியில் வரும். மேற்கில் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்தக் காலத்தில் பவுண்சையும் டொலரையும் மனதில் பெருக்கிப் பார்த்து, கேட்டதை அப்படியே கொடுத்துவிடுகிறோம். நமக்கு அது சில்லறைக் காசு. அந்த ஒழுங்கையில் இருக்கும் ஆசிரியைக்கும் ஆஸ்பத்திரித் தாதிக்கும் அடுத்த வருட வாடகை அதனால்தான் ஏறுகிறது. அதைவிடக் கொடுமை, திருவிழாவுக்கு வருபவர்களுக்காக, வாடகைக்கு இருக்கிற குடும்பத்தை வெளியேற்றுவது. வீடு காட்டப்படும்போது கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்தால், "இவை எங்க போகினம்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த வீட்டை விடுங்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து விளக்கேற்றினால் சொந்தக்காரருக்கும் நன்மை. அயலில் நடக்கும் வாடகையை இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, அதற்குச் சற்றுக் கூடக் கொடுங்கள், மும்மடங்கு வேண்டாம்.

விசா விடயம் சுருக்கமாக: வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவருக்குச் சுற்றுலா அனுமதி வழக்கமாக முதலில் 30 நாளுக்குத்தான். நீடிப்புக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வருமுன் நாலைந்து மாத வாடகையை மொத்தமாகக் கட்டாதீர்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

திரும்பும்போது விமானத்துக்கு முதல்நாள் சாவி கொடுக்க வேண்டாம். நாலைந்து நாளுக்கு முன்பே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குடிவந்த அன்று எடுத்த படங்களை வைத்து அறை அறையாகக் காட்டி, மின் பில்லைக் கட்டிய துண்டையும் கொடுத்து முற்பணத்தை வாங்குங்கள். வாங்கிய மின்விசிறி, காஸ் சிலிண்டர், மெத்தை எல்லாம் கொண்டுபோக முடியாது. வீடு கூட்டித் துடைக்க வந்த அக்காவுக்கு அவற்றில் எது தேவை என்று முதலில் அவவிடமே கேளுங்கள்.