ஜங்ஷன் டேபிளுக்கு ஃபார்ம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாணவர் பல பாடங்களில் சேரலாம், ஒரு பாடத்தில் பல மாணவர்கள் இருக்கலாம். நடுவில் 'சேர்க்கை' என்று ஒரு டேபிள் (இதுதான் ஜங்ஷன் டேபிள்) வைத்து, அதில் மாணவர் எண்ணையும் பாட எண்ணையும் போட வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் படிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. டேபிளைச் சரியாகப் போட்டுவிட்டு ஃபார்மில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

பாடப் பெயரை சப்ஃபார்மில் திருத்த விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மாணவர் மெயின் ஃபார்ம், அதற்குள் இருக்கும் சிறு ஃபார்மான சப்ஃபார்மில் சேர்க்கை. சப்ஃபார்மில் வெறும் எண்தான் தெரிகிறது, பெயரைக் காணோம். உடனே சேர்க்கையையும் பாடங்களையும் இணைத்து ஒரு குவெரி எழுதி, அதையே ரெக்கார்ட் சோர்ஸாக (ஃபார்ம் தரவை எடுக்கும் இடமாக) கொடுத்து, பாடப் பெயரை ஒரு டெக்ஸ்ட் பாக்ஸாக இழுத்துப் போட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு பயிற்சி மையத்தில் நடந்தது. டேலியில் சேர்ந்த மாணவி ஒருவர் டைப்ரைட்டிங்குக்கு மாறினார். அலுவலகத்தில் இருந்தவர் அவருடைய வரியில் 'டேலி'யை அழித்துவிட்டு 'டைப்ரைட்டிங்' என்று அடித்தார். அந்த மாணவியின் சேர்க்கை மாறவில்லை, பாடங்கள் டேபிளில் அந்தப் பாடத்தின் பெயரே மாறிவிட்டது. டேலி படித்த அத்தனை பேரும் டைப்ரைட்டிங் மாணவர்கள் ஆனார்கள். பாடப் பெயருக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது) இல்லாததால் ஆக்சஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சான்றிதழ் அச்சடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் பட்டியலில் இரண்டு டைப்ரைட்டிங், இரண்டிலும் புது ஆட்கள். பழைய பேக்கப்பைப் போட்டால் நடுவில் வந்த சேர்க்கைகள் போய்விடும். கடைசியில் ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிரித்தார்கள்.

சப்ஃபார்மின் ரெக்கார்ட் சோர்ஸ் சேர்க்கை டேபிளாக மட்டும் இருக்கட்டும். பாட எண்ணுக்கு ஒரு காம்போ பாக்ஸ் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) போடுங்கள். அந்தப் பட்டியல் வரும் ரோ சோர்ஸில் எண்ணும் பெயரும், 'பவுண்ட் காலம்' (சேமிக்க வேண்டிய நெடுவரிசை) 1, எண்ணுக்கு அகலம் 0, பெயருக்கு 5 செ.மீ. கண்ணில் படுவது பெயர், சேமிப்பது எண். பாடத்தின் கால அளவையும் காட்ட வேண்டும், குவெரி இல்லாமல் முடியாது என்றால், பாடங்கள் டேபிளிலிருந்து வரும் எல்லாப் பெட்டிகளுக்கும் 'லாக்டு' யெஸ், 'எனேபிள்டு' நோ. ஒன்றைக்கூட மறக்காதீர்கள்.

இரட்டைப் பதிவைத் தடுக்காதது

ஆட்டோநம்பரை (ஆக்சஸ் தானே போடும் எண்) பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் ஃபீல்டாக) வைத்தால் மட்டும் போதாது. மாணவர் எண், பாட எண் இரண்டுக்கும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் வேண்டும். அதே பாடத்தில் மறுபடி சேர்கிறவர்கள் உண்டென்றால் பேட்ச் எண்ணையும் அந்த இண்டெக்ஸில் சேருங்கள். மீறினால் 3022 என்ற பிழை வரும். அதை ஃபார்மின் 'ஆன் எரர்' நிகழ்வில் பிடித்து, "இவர் ஏற்கெனவே இந்தப் பாடத்தில் இருக்கிறார்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். உட்கார்ந்து பதிவுசெய்கிறவருக்கு எண் எதற்கு?

கட்டணத்தைப் பாடங்கள் டேபிளில் மட்டும் வைப்பது

அடுத்த ஆண்டு கட்டணத்தை ஏற்றினால் பழைய ரசீதுகளும் ஏறிவிடும். பேசிய கட்டணமும் சேர்ந்த தேதியும் சேர்க்கை டேபிளில் இருக்க வேண்டியவை.

மெயின் ஃபார்ம் காலியாக இருக்கும்போது சப்ஃபார்மில் எழுத விடுவது

மாணவர் எண் இல்லாத அநாதை வரிகள் சேரும். சேர்க்கை டேபிளில் மாணவர் எண், பாட எண் இரண்டுக்கும் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) யெஸ்.

ஜங்ஷன் டேபிளுக்குப் பதில் மல்டிவேல்யூ ஃபீல்டு

ஒரே ஃபீல்டில் பல மதிப்புகளை வைக்கும் இது, ஆக்சஸ் 2007 பதிப்பில் வந்த வசதி. வேண்டாம். சேர்ந்த தேதியை அதில் எங்கே எழுதுவீர்கள்?